புதிய ஐபேடா, பழைய கேலக்ஸி டேபா: தறி ஓடும் வீட்டில் இருந்து ஓர் ஒப்பீடு

2025 மார்ச் 4 அன்று ஏ16 சிப் கொண்ட புதிய ஐபேடை ஆப்பிள் அறிவித்தது. மறுநாள் தேர்வுக்குப் படிக்க வேண்டியதை மூடி வைத்துவிட்டு, அன்று இரவு அதைப் பற்றி வந்த ஒவ்வொரு வரியையும் படித்துக்கொண்டிருந்தேன். 2022 அக்டோபரில் பத்தாம் தலைமுறை ஐபேட் வந்தபோது 64 ஜிபிக்கு 44,900 ரூபாய் விலை வைத்திருந்தார்கள். இப்போது 128 ஜிபியே 34,900 ரூபாய் என்றார்கள். ஜவுளித் தொழில்நுட்பம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டு, ஆறேழு தடித்த நோட்டுகளையும் ஒரு கட்டு கிராஃப் தாளையும் சோமனூரில் இருந்து கோவைக்குப் பேருந்தில் சுமந்து போய்வருகிற ஒருவனுக்கு, இது தனக்கென்றே செய்தது போலத் தோன்றியதில் வியப்பில்லை. அந்த வாரம் முழுவதும் என்னிடம் வேறு பேச்சே இல்லை என்று அம்மா இன்றும் சொல்லிக் காட்டுவார்.

கடைசியில் நான் வாங்கியது அதை அல்ல. 2023 அக்டோபரில் வெளிவந்த சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்9 எஃப்இயை வாங்கினேன். பத்து மாதமாக அதில்தான் எழுதி வருகிறேன். நான் ஆசைப்பட்ட அதே ஐபேடை என் சித்தப்பா மகன் வாங்கினான், கூடவே அதன் திரையில் எழுதும் பேனாவான யுஎஸ்பி-சி ஆப்பிள் பென்சிலையும். விடுமுறை நாள்களில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய பழக்கத்தை வைத்து இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இப்போதே தெரிந்திருக்கும். அதை மறைக்கப் போவதில்லை.

எல்லோரும் முதலில் ஒப்பிடுகிற விவரங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். இரண்டின் திரையும் ஏறத்தாழ 10.9 அங்குலம்தான், இரண்டும் எல்சிடி வகையே. சாம்சங்கின் திரை நொடிக்கு 90 முறை புதுப்பிக்கப்படுகிறது, ஐபேடின் திரை 60 முறை. ஐபேட் 477 கிராம், சாம்சங் 523 கிராம். பையில் போட்டுவிட்டால் இந்த வேறுபாடு தெரிவதில்லை. சாம்சங்கில் மெமரி கார்டு போடலாம், ஐபேடில் முடியாது. இரண்டுமே ஒரு நாள் வகுப்புக்குச் சார்ஜ் தாங்குகின்றன. ஷாவ்மி பேட் 7-ஐயும் கொஞ்ச நாள் யோசித்தேன். அன்றைய 27,999 ரூபாய் விலைக்கு அதன் திரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அதற்கும் பேனா தனி, அப்போது 5,999 ரூபாய். அந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை.

பேனாவின் கணக்கை எனக்கு முதலில் காட்டியவர் அப்பாதான். நான் ஐபேடின் படத்தைக் காட்டி விலையைச் சொன்னதும் அவர் சிப்பைப் பற்றியோ திரையைப் பற்றியோ கேட்கவில்லை. "ஏங்கண்ணு, நோட்டுக்கு ஒரு வெல, பேனாவுக்கு ஒரு வெலைங்கறயா?" என்றுதான் கேட்டார். எட்டுத் தறியைக் கூலிக்கு ஓட்டுகிறவர் அவர். ஒரு பொருளின் விலை என்பது அதை ஓட்டுவதற்கு ஆகிற செலவையும் சேர்த்ததுதான் என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யுஎஸ்பி-சி ஆப்பிள் பென்சில் அப்போது 7,900 ரூபாய். ஐபேடோடு சேர்த்தால் 42,800. அழுத்தத்துக்கு ஏற்பக் கோட்டின் தடிமன் மாற வேண்டுமென்றால் முதல் தலைமுறைப் பென்சில் வேண்டும். அது அப்போது 9,500 ரூபாய், இந்த ஐபேடோடு இணைக்க ஓர் அடாப்டரும் தேவை. சாம்சங்கின் பேனாவான எஸ் பென்னோ டேபின் பெட்டிக்குள்ளேயே வருகிறது.

உடனே முடிவெடுக்க முடியாமல் போனதும் ஒரு வகையில் நல்லதாயிற்று. அந்த மார்ச் 19 அன்று கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறியாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். எங்கள் குடோனிலும் தறிகள் நின்றன. பிறந்ததில் இருந்து தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகியவனுக்கு அந்த அமைதியில் தூக்கம் வரவில்லை என்பது வேறு கதை. டேப் வாங்கும் பேச்சை அந்த நாள்களில் வீட்டில் எடுக்கவே முடியாது. காத்திருந்த அந்த நாள்களில் என் ஆசை சற்று ஆறி, அந்த இடத்துக்குக் கணக்கு வந்தது. ஏப்ரலில் சாம்சங் தன் புதிய டேப் எஸ்10 எஃப்இயை 42,999 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. பென்சிலோடு சேர்த்த ஐபேடுக்கும் அதற்கும் 199 ரூபாய்தான் வேறுபாடு. அதைவிட எனக்குப் பயன்பட்டது, புதியது வந்ததால் பழைய எஸ்9 எஃப்இ தள்ளுபடியில் முப்பதாயிரத்துக்குள் இறங்கியதுதான்.

இனி என் முடிவைத் தீர்மானித்த ஒன்றேயொன்றுக்கு வருகிறேன். அது பஞ்சு. தறிக்குடோனை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தறி ஓடும்போது நீளவாக்கில் ஓடும் பாவு நூல், சீப்பு போன்ற அச்சில் உரசி உரசி, கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறந்துகொண்டே இருக்கும். காலையில் பெருக்கிய தரையில் மதியத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய படலம் படிந்துவிடும். மின்விசிறியின் இறக்கைகளில் அது தாடி போலத் தொங்கும். எங்கள் வீடும் குடோனும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன. நான் படிக்கிற மேசை அந்தச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது.

இதற்கு முன் நான் வைத்திருந்த கைபேசி ஒரு நாள் திடீரென்று சார்ஜ் ஏறாமல் போயிற்று. கேபிளைச் செருகினால் பாதி தூரம் போய் நின்றுவிடும். கையால் அழுத்திப் பிடித்தால் ஏறும், விட்டால் நின்றுவிடும். கேபிளை மாற்றினேன், சார்ஜரை மாற்றினேன். கடைசியில் கைபேசியை அணைத்துவிட்டு, பல்குச்சியின் முனையைச் சீவி மெல்லியதாக்கி, சார்ஜ் ஏற்றும் துளைக்குள் விட்டுக் கிளறியபோது, கம்பளித் துண்டு போல இறுகிய ஒரு சாம்பல் நிறக் கட்டி வெளியே வந்தது. அரிசியளவுதான் இருந்தது. ஒவ்வொரு முறை கேபிளைச் செருகும்போதும் வாயில் நின்ற பஞ்சை உள்ளே தள்ளித் தள்ளி, ஒன்றரை ஆண்டில் நானே அதைத் திணித்து வைத்திருக்கிறேன். கைபேசியின் மீது குற்றம் ஏதுமில்லை. எங்கள் வீட்டில் எந்தத் துளையும் அப்படித்தான் ஆகும்.

இந்தக் கண்ணோடு பார்த்தபோதுதான் இரண்டு பேனாக்களுக்கும் உள்ள வேறுபாடு எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஆப்பிள் பென்சிலுக்குள் மின்கலம் இருக்கிறது. யுஎஸ்பி-சி பென்சிலின் மூடியை இழுத்தால் உள்ளே ஒரு துளை. அதில் கேபிளைச் செருகிச் சார்ஜ் ஏற்ற வேண்டும், ஐபேடோடு முதன்முறை இணைப்பதும் அந்த வழியாகத்தான். அது ஐபேடின் பக்கவாட்டில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும், ஆனால் ஒட்டியிருப்பதால் சார்ஜ் ஏறாது. ஆக, நான் சுத்தம் செய்ய வேண்டிய துளைகள் இரண்டாகின்றன, நினைவில் வைத்துச் சார்ஜ் ஏற்ற வேண்டிய பொருள்களும் இரண்டாகின்றன. எஸ் பென்னில் மின்கலமே இல்லை. திரைக்கு அடியில் உள்ள தகடு உண்டாக்கும் மின்காந்தப் புலத்தில் இருந்து பேனாவுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் தனக்கு வேண்டிய ஆற்றலை எடுத்துக்கொண்டு, தான் இருக்கும் இடத்தையும் அழுத்தத்தையும் திருப்பிச் சொல்கிறது. டேபில் சார்ஜ் இருக்கும்வரை பேனா எழுதும். பத்து மாதத்தில் நான் அந்தப் பேனாவுக்கென்று எதையும் செய்ததில்லை, கீழே விழுந்தபோது குனிந்து எடுத்ததைத் தவிர.

எஸ்9 எஃப்இக்கும் அதன் பேனாவுக்கும் ஐபி68 தரச்சான்று உண்டு. அதில் 6 என்பது தூசி உள்ளே புகாது என்பதையும், 8 என்பது நீரில் மூழ்கினாலும் தாங்கும் என்பதையும் குறிக்கும். ஒன்றரை மீட்டர் ஆழ நன்னீரில் அரை மணி நேரம் என்பது நிறுவனம் சொல்லும் அளவு. இந்த ஐபேடுக்கு அப்படிப்பட்ட தரச்சான்று எதுவும் இல்லை. ஆனால் ஒன்றை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும்: ஐபி68 காப்பது கருவியின் உட்புறத்தை மட்டுமே. சார்ஜ் ஏற்றும் துளை வாய் திறந்துதான் இருக்கிறது, என் டேபிலும் பஞ்சு சேர்கிறது, மாதம் ஒருமுறை பல்குச்சியை எடுக்கிறேன். நான் தப்பித்தது இரண்டாவது துளையில் இருந்துதான். அதோடு, என் சித்தப்பா வீடு கோபியில், வாய்க்கால் ஓரம், சுற்றிலும் நெல் வயலும் தென்னையும். பஞ்சு நிறைந்த வீட்டில் ஐபேட் எப்படித் தாங்கும் என்பதற்குத் தம்பியின் அனுபவம் சான்றாகாது. அது என் ஊகம் மட்டுமே.

எழுதுகிற பாங்கில் வேறுபாடு உண்டா என்று வகுப்பில் பலர் கேட்டிருக்கிறார்கள். எங்கள் பாடத்தில் நெசவு அமைப்புகளைக் கட்டங்களில் வரைய வேண்டும்: பாவு நூல் மேலே வருகிற கட்டத்தை நிரப்ப வேண்டும், குறுக்கே ஓடும் ஊடை மேலே வருகிற கட்டத்தை விட வேண்டும், அதன் பக்கத்திலேயே பாவு நூல்களைத் தறியில் கோக்கும் வரிசையைக் காட்டும் டிராஃப்டும், அவற்றைத் தூக்கும் வரிசையைக் காட்டும் பெக் பிளானும். இரண்டு நூலுக்கு மேலும் இரண்டு நூலுக்குக் கீழுமாகப் போகும் சாய்கோட்டு நெசவான ஒரு 2/2 ட்வில்லை இரண்டு கருவிகளிலும் வரைந்து பார்த்தேன். ஐபேடின் திரையும் மேற்கண்ணாடியும் ஒன்றோடொன்று ஒட்டப்படாதவை என்பதால், பேனா முனைக்கும் அதன் கீழே விழுகிற மைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி தெரிகிறது. சிறு கட்டங்களை நிரப்பும்போது இதை உணர முடிகிறது, பத்து நிமிடத்தில் கண் பழகியும் விடுகிறது. தட்டும்போது கண்ணாடியில் கேட்கும் 'டக் டக்' ஒலி எனக்குப் பிடிக்கவில்லை, எஸ் பென்னின் முனை மென்மையாக இருப்பதால் தாளுக்குச் சற்றே நெருங்கி வருகிறது. அழுத்தத்தை உணராதது யுஎஸ்பி-சி பென்சிலின் பெருங்குறை என்பார்கள். குறிப்பெடுக்கவும் கட்டம் நிரப்பவும் மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்கு அது குறையாகவே தெரியாது. ஓவியம் வரைகிறவர்களுக்குக் கட்டாயம் தெரியும்.

அதே ஒட்டப்படாத திரைக்கு ஒரு நன்மையும் உண்டு. மேற்கண்ணாடி மட்டும் உடைந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ள முடியும், திரை முழுவதையும் மாற்றும் செலவு மிச்சமாகும். பேருந்தில் நெரிபட்டுப் போகிறவர்களுக்கு இது சிறிய செய்தி அல்ல. மாற்றுகிற இடம் தூசியில்லாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டுக்கும் நடுவே சிக்கிய தூசியைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வேகத்தில் ஐபேட் வெல்கிறது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. முந்நூறு பக்கப் பிடிஎஃப் ஒன்றை வேகமாகத் தள்ளினால் என் டேபின் எக்சினோஸ் 1380 சிப் ஓரிரு இடங்களில் தயங்குகிறது. தம்பியின் ஐபேட் அதே கோப்பை வழுக்கிக்கொண்டு போகிறது. புரோகிரியேட் என்ற வரைகலைச் செயலி இந்த இரண்டில் ஐபேடில்தான் உண்டு. துணி வடிவமைப்பில் கைவரைவை நம்பிப் பிழைக்கப் போகிறவராக இருந்தால் நான் இதுவரை சொன்னதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, முதல் தலைமுறைப் பென்சிலோடு ஐபேடையே வாங்கலாம். எஸ்10 எஃப்இயில் 8 ஜிபி ரேமும் புதிய எக்சினோஸ் 1580 சிப்பும் இருப்பதால் என் தயக்கம் அதில் தீர்ந்திருக்கலாம். கடையில் கால் மணி நேரம் தொட்டுப் பார்த்ததோடு சரி, அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஆண்டுக் கணக்கிலும் ஐபேடுக்கு நல்ல பெயர் உண்டு. 2019-இல் வந்த ஏழாம் தலைமுறை ஐபேட், 2024-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 18 வரை இயங்குதளப் புதுப்பிப்புகளைப் பெற்றது. 2025-இன் ஐபேட்ஓஎஸ் 26-இல்தான் அது கைவிடப்பட்டது. என் டேப் ஏற்கெனவே 2023-இன் சரக்கு. நான் வாங்கியபோதே அதன் ஆயுளில் ஒன்றரை ஆண்டு கழிந்துவிட்டது. நான்காம் ஆண்டு முடியும்வரை ஓடினால் போதும் என்ற கணக்கில்தான் வாங்கினேன். மறுவிற்பனை விலையையும் நண்பர்கள் ஐபேடுக்குச் சாதகமாகவே சொல்கிறார்கள். பக்கத்துக் குடோன்களில் ஓடிய தறிகள் இரும்பு எடைக்குப் போனதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, விற்கும்போது வரப்போகிற விலையைச் சொல்லி மனத்தை மாற்றுவது கடினம்.

போன பொங்கலுக்குத் தம்பி ஐபேடோடு வந்திருந்தான். என் டேபை வாங்கி ஒரு பக்கம் எழுதிப் பார்த்துவிட்டு, "அண்ணா, கொஞ்சம் மெதுவாத்தானுங் இருக்குது" என்றான். இருக்கிறதுதான் என்றேன். சற்று நேரத்தில் அவன் பென்சிலில் சார்ஜ் தீர்ந்திருந்தது, கேபிளையோ கோபியிலேயே விட்டு வந்திருந்தான். என் கேபிளைக் கொடுப்பதற்கு முன், அதன் முனையில் ஒட்டியிருந்த பஞ்சை ஊதிவிட்டுக் கொடுத்தேன்.