சீரியல் காட்டும் மறதி நோய்: ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்

பெங்களூரின் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தமிழ் வீடுகளில் சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்ட டிவி பத்து வரை ஓயாது. டிமென்ஷியா என்னும் மறதி நோய் வந்த பாட்டியும் தாத்தாவும் இப்போது அந்தத் தொடர்களுக்குள் வந்துவிட்டார்கள். நோயின் பேரை வீட்டுக்குள் கொண்டுவந்ததற்கு ஒரு மதிப்பெண். நடிப்புக்கு ஒன்று. அதற்கு மேல் தர மனம் வரவில்லை.

ஒரே எபிசோடில் எல்லாம் மறந்து, தலையில் அடிபட்டதும் எல்லாம் திரும்புகிறது. டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் அப்படி வருவதில்லை. காலையில் சாப்பிட்ட இட்லி மறந்துபோகும், தன் கல்யாணப் பந்தியில் யார் பரிமாறினார்கள் என்பது நிற்கும். மெல்ல மெல்ல, வருடக்கணக்கில் கூடும். இரண்டே நாளில் ஆள் தலைகீழாக மாறினால் சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புது மாத்திரை இவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். வைட்டமின் பி12 குறைவும் தைராய்டு கோளாறும்கூட மறதியைத் தரும், அவற்றுக்கு மருந்து உண்டு. தொடர்களில் வரும் டாக்டர் ஸ்கேனைப் பார்த்ததோடு சரி, ரத்தப் பரிசோதனை எழுதுவதே இல்லை.

பெரிய கெடுதல், "நான் யாரு, சொல்லும்மா?" என்று அழுதபடி கேட்கும் காட்சி. பார்ப்பவர்கள் வீட்டிலும் அதையே செய்கிறார்கள். பதில் தெரியாதவருக்கு அது பயத்தையும் அவமானத்தையும்தான் தரும். உள்ளே நுழையும்போதே "அம்மா, செல்வி வந்திருக்கேன்" என்று பேரைச் சொல்லிவிடுங்கள்.

"மருமக என் வளையலைத் திருடிட்டா" என்பது தொடரில் மாமியார் கொடுமை. வீட்டில் அது நோயின் அறிகுறி. பத்திரமாக ஒளித்துவைத்து, வைத்த இடத்தை மறந்திருப்பார். வாதாடாமல் சேர்ந்து தேடுங்கள்: அரிசி டின், தலையணை உறை, பழைய கைப்பை. கண்ணாடி, சாவிக்கு இன்னொரு ஜோடி இருக்கட்டும்.

ஒளிபரப்பு நேரமே ஒரு சிக்கல். பொழுது சாயச் சாயப் பலருக்குக் குழப்பமும் படபடப்பும் கூடும். திரையில் போடும் சண்டை நம் வீட்டுக் கூடத்தில் நடப்பதாகவே நினைத்துப் பயப்படுவார்கள். ஐந்து மணிக்கே விளக்கைப் போட்டு, தொடரை வேறு அறைக்கு மாற்றி, பழைய பாட்டு வையுங்கள்.

ஹோம் நர்ஸைத் தொடர்கள் காட்டுவதே இல்லை. பெங்களூரில் பாதித் தலைவலி அங்கேதான். பின்னால் கற்ற கன்னடம் நழுவித் தமிழ் மட்டும் மிஞ்சும் முதியவருக்கு, கன்னடமோ இந்தியோ மட்டும் தெரிந்தவர் வந்து சேர்வார். தண்ணி, பசி, பாத்ரூம், வலிக்குதா, பயப்படாதீங்க: இப்படிப் பதினைந்து தமிழ்ச் சொற்களை அந்த ஹோம் நர்ஸ் படிக்கும் எழுத்திலேயே எழுதி, கட்டில் பக்கச் சுவரில் ஒட்டிவையுங்கள்.