கேன் டீசலா, நாசில் கழற்றலா?

பாம்பன், மண்டபம் பக்கம் வள்ளத்து டீசல் இன்ஜின் ஒரு நேரம் சீராக ஓடி மறுநேரம் திணறினால், பலரும் உடனே நாசிலை, அதாவது இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் முனையை, கழற்றிக் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் கேன்தான். டேங்க் குழாயைக் கழற்றிவிட்டு, வடிகட்டிய டீசல் கேனை இன்ஜினுக்கு மேலே கட்டி, பில்டரைத் தவிர்த்து நேராகப் பம்புக்குக் குழாய் கொடுத்து, மிச்ச டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் குழாயையும் கேனுக்குள்ளேயே விட்டு, காற்றை வெளியேற்றியபின் ஓட்டிப் பாருங்கள். சத்தம் சீரானால் கோளாறு டேங்க் பக்கம், அதாவது அடியில் தங்கிய தண்ணீர், அடைத்த பில்டர், இல்லையென்றால் தளர்ந்த கிளிப் வழியே காற்று இழுக்கும் குழாய். பெரிய செலவும் இல்லை.

கேனிலும் திணறினால் சரி, அப்புறம் நாசில். ஒழுகுகிறதா, சரியாகப் புகை மாதிரி தெளிக்கிறதா என்று கடையில் டெஸ்ட் செய்யத்தான் வேண்டும். தெளிக்கும்போது கையை முன்னால் நீட்டாதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலுக்குள் ஏறிவிடும்.