மூக்கு ஒழுகிய குதிரைக்கு வாயைத் திறந்து பார்த்த டாக்டர்

குதிரைகளுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கிற, லாயத்துக்கே வந்து போகிற ஒரு டாக்டரைப் பற்றித்தான் இந்த விமர்சனம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல், மூக்கு, சைனஸ் (முக எலும்புக்குள் இருக்கிற காற்றறை) சம்பந்தமாக எது வந்தாலும் யோசிக்காமல் இவரைக் கூப்பிடலாம். சில குறைகளும் உண்டு, அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் மல்லி 11 வயதுப் பெட்டைக் குதிரை. அதற்கு இடது மூக்கில் மட்டும் ஒழுக ஆரம்பித்தது. முதலில் தண்ணீராக வந்தது, போகப்போக மஞ்சளாகக் கெட்டிப்பட்டது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, தீனியில் ஒரு பிடி மிச்சம் வைக்கவில்லை, ஓடவிட்டாலும் இளைக்கவில்லை. அப்போது பார்த்த மருத்துவர் சளி என்று சொல்லி ஆன்டிபயாடிக் கொடுத்தார். மருந்து உள்ளே போகிறவரை மூக்கு சுத்தமாக இருக்கும், நிறுத்தினால் திரும்ப ஒழுகும். அதே மருந்தை இன்னும் கொஞ்சம் நாள் கூட்டிக் கொடுத்தார், அப்போதும் அதே கதைதான். கூடவே, பக்கத்தில் போனால் குடலைப் புரட்டுகிற ஒரு நாற்றம். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, பளபளவென்று நிற்கிற குதிரையிடமிருந்து அப்படி ஒரு வாடை ஏன் வருகிறது என்று எங்களுக்குப் பிடிபடவே இல்லை.

இந்த டாக்டர் வந்ததும் ஊசியை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் வெளியே நின்று குதிரை தின்பதையே பார்த்தார். பிறகு வெப்பம், நாடி, மூச்சு மூன்றையும் எடுத்து எழுதிக்கொண்டார். சும்மா நிற்கிற குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரையும், மூச்சு 8 முதல் 16 வரையும் இருக்கலாம் என்று சொல்லி, எங்கள் லாயத்துப் பையனையே கூடவே எண்ண வைத்தார். கையுறை போட்டுக்கொண்டுதான் மூக்கருகே போனார். மூக்கு ஒழுகும் குதிரை என்றால் கிளாண்டர்ஸ் என்கிற குதிரைத் தொற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும், அது மனிதருக்கும் தொற்றும் என்று சொல்லி அதற்கும் ரத்தம் எடுத்தார். அந்தப் பேரையே எங்களிடம் முதலில் சொன்னவர் இவர்தான்.

"ஒரு மூக்கா, ரெண்டு மூக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நுரையீரல் பக்கமிருந்து வருவது பெரும்பாலும் இரண்டு துவாரத்திலும் வரும். ஒரே பக்கம் ஒழுகினால் அந்தப் பக்கத்து முக எலும்புக்குள் எங்கேயோ கோளாறு என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டுமாம். இரண்டு துவாரத்துக்கும் எதிரே உள்ளங்கையை வைத்து மூச்சு ஒரே அளவில் வருகிறதா என்று பார்த்தார். அடுத்துச் செய்ததைத்தான் என்னால் மறக்க முடியாது. மல்லியின் வாயைக் கொஞ்சம் திறந்து பிடிக்கச் சொல்லி, கண்ணுக்குக் கீழே உள்ள எலும்பை நடுவிரலால் டக் டக் என்று தட்டினார். வலது பக்கம் காலிப் பானை போலக் கணீரென்றது, இடது பக்கம் சத்தமே எழும்பவில்லை. "நீங்களும் தட்டிப் பாருங்க சார்" என்றார். தட்டினேன். வித்தியாசம் என் காதுக்கே கேட்டது. உள்ளே சீழ் நிரம்பி நிற்கிறது.

"மூக்குல ஒழுகுது, ஆனா வேர் வாயில இருக்கலாம். வாயைப் பார்த்துடுவோம்" என்றார். குதிரையின் மேல்தாடையில் பின்பக்கம் இருக்கிற கடைவாய்ப் பற்களின் வேர்கள் சைனஸ் அறைக்குள்தான் நீண்டிருக்கின்றன. பல் கெட்டால் சீழ் அந்த அறையில் இறங்கி, அங்கிருந்து மூக்கு வழியாக வெளியே வரும்.

நின்றபடியே மயங்குகிற அளவுக்கு ஊசி போட்டார். தலை தொங்கியதும் தாங்கு கொடுத்து, வாயைக் கழுவி, திறந்து பிடிக்கிற இரும்புக் கருவியை மாட்டி, நெற்றி விளக்கோடு நீளக் காம்பு வைத்த கண்ணாடியை உள்ளே விட்டார். இடது மேல்வரிசையில் நாலாவது கடைவாய்ப் பல். குதிரைகளுக்கு அடிக்கடி கெடுவது இந்தப் பல்தானாம். கண்ணாடியில் எங்களுக்கும் காட்டினார். பல்லின் நடுவில் நெடுக ஒரு பிளவு. மேல்பற்களின் மேற்பரப்பில் இயற்கையாகவே இரண்டு குழிகள் உண்டு. அவற்றில் தீனி அடைந்து சொத்தையாகி, பல் பலவீனப்பட்டுப் பிளந்திருக்கிறது. மெல்லிய கொக்கியை அந்தப் பிளவில் விட்டு இழுத்தார். கருப்பாக அழுகிய வைக்கோல் துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் எங்களைக் குழப்பிய நாற்றம் அதிலேயே இருந்தது.

எக்ஸ்ரேயில் சைனஸுக்குள் நீர்மட்டம் கோடு கிழித்ததுபோலத் தெரிந்தது. இவ்வளவு கெட்ட பல்லை வாயில் வைத்துக்கொண்டு ஒரு குதிரை எப்படி முழுத் தீனியும் தின்னும் என்று கேட்டேன். பல் வலியைக் குதிரைகள் கடைசிவரை காட்டிக்கொள்ளாது, தீனி குறையவில்லை என்பதை வைத்துப் பல்லுக்கு நற்சான்றிதழ் கொடுக்க முடியாது என்றார். பல் அங்கே இருக்கிறவரை எந்த மருந்தும் சீழை நிரந்தரமாக நிறுத்தாது என்பதையும் அப்போதுதான் விளக்கினார்.

பிடுங்குவதற்கு இன்னொரு நாள் குறித்து வந்தார். மரத்துப்போக ஊசி போட்டு, இடுக்கியால் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து அசைத்துத்தான் எடுத்தார். அவசரப்பட்டால் வேர் உடைந்து உள்ளே தங்கிவிடும் என்பதால் நேரத்தைப் பார்க்கவே இல்லை. அப்புறம் துண்டு எதுவும் மிச்சமில்லை என்று எக்ஸ்ரேயில் உறுதி செய்து, சைனஸை உப்பு நீரால் கழுவி, தீனி இறங்காதபடி குழியை அடைத்துவிட்டுப் போனார். மல்லியின் மூக்கு இப்போது இரண்டு பக்கமும் காய்ந்திருக்கிறது. கிளாண்டர்ஸும் இல்லை என்று வந்தது.

குறைகள் என்றால், மின்சார இணைப்பும் கூரை போட்ட இருட்டான இடமும் வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லவில்லை. வந்த பிறகு சொல்லி, மயக்க ஊசிக்கு முன்னால் அரக்கப்பரக்க இடம் மாற்ற வேண்டியதாயிற்று. வெளிச்சமான வெட்டவெளியில் வாய்க்குள் எதுவும் சரியாகத் தெரியாது, அது நியாயம்தான், ஆனால் கூப்பிடும்போதே சொல்லியிருக்கலாம். எழுத்து அறிக்கையும் எக்ஸ்ரே படங்களும் கைக்கு வருவதற்குள் பலமுறை நினைவூட்ட வேண்டியிருந்தது. மயக்கம் முழுசாகத் தெளியும்வரை தீனி போடக்கூடாது, போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்பதைக் கிளம்புகிற அவசரத்தில் வாய்வார்த்தையாகச் சொன்னார். இவ்வளவு முக்கியமான விஷயத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் லாயத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் உதவும்.

இன்னொரு செலவையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மேல்பல் போன இடத்துக்கு நேர் எதிரே இருக்கிற கீழ்ப்பல் தேய வழியில்லாமல் வளர்ந்துகொண்டே போகும். குதிரையின் கடைவாய்ப் பல் வருஷத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை மேலே வரும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரம் போட்டுத் தேய்க்க இவரையே வரச் சொல்லியிருக்கிறோம்.

கூப்பிடுகிறவர்கள் குதிரை தின்பதையும், மூக்கை நேர் முன்னாலிருந்தும் ஒரு வீடியோ எடுத்து முதலிலேயே அனுப்பிவிடுங்கள். அதைப் பார்த்துத்தான் எந்தக் கருவிகளை வண்டியில் ஏற்றுவது என்று முடிவு செய்கிறார்.