காருக்குள் ஒரு கணினி: சில வருட ஓட்டத்துக்குப் பிறகு

காரில் பாட்டுக்கும் வழி பார்க்கவும் ஒரு கணினி வைக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், பேச்சு உடனே எந்த பிராசஸர், எத்தனை ஜிபி ரேம் என்று போய்விடுகிறது. வருடக்கணக்கில் ஒன்றை ஓட்டிய பிறகு எனக்கு அந்தப் பேச்சில் ஆர்வமே இல்லை. வரைபடம் காட்டுவதும் பாட்டு போடுவதும் இன்றைய சின்ன போர்டுகளுக்குப் பெரிய வேலை கிடையாது. காரில் கணினியைப் பாடாய்ப் படுத்துவது மின்சாரமும் வெயிலும்தான். காசையும் யோசனையையும் அங்கே செலவழியுங்கள்.

என் காரில் இருப்பது 4 ஜிபி ராஸ்பெர்ரி பை 4, ஒரே போர்டில் அடங்கிய சின்னக் கணினி. அதோடு 7 அங்குலத் தொடுதிரை, யுஎஸ்பி சவுண்ட் கார்டு, யுஎஸ்பி ஜிபிஎஸ் ரிசீவர், பாட்டுகளைச் சேமிக்க ஒரு எஸ்எஸ்டி டிரைவ். அதற்கு முன்னால் ஒரு ஆண்ட்ராய்டு டேப்லெட்டை டாஷ்போர்டில் பொருத்தி வைத்திருந்தேன். டேப்லெட் வழி எளிது, மறுக்கவில்லை. திரை, ஜிபிஎஸ், பேட்டரி எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடும். வினையும் அந்த பேட்டரியில்தான். கண்ணாடியை ஏற்றி வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டும். லித்தியம் பேட்டரி அதற்குச் செய்யப்பட்டதல்ல. என்னுடையது உப்பி, திரையையே சட்டத்திலிருந்து வெளியே தள்ளிவிட்டது. டேப்லெட்தான் வேண்டும் என்றால், இறங்கும்போது கழற்றி எடுத்துப் போகிற மாதிரி பொருத்துங்கள். இன்னொன்று, வைஃபை மட்டும் உள்ள ஐபேடுகளில் ஜிபிஎஸ் கிடையாது. கையில் சும்மா இருக்கிறதே என்று அதை மாட்டுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

சரி, மின்சாரம். 12 வோல்ட் என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, கார் மின்சாரம் அந்த எண்ணில் நிற்பதே அபூர்வம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டர் அதை 14 வோல்ட் பக்கம் கொண்டுபோய்விடும். ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும் நேரத்தில் 9 வோல்ட்டுக்கும் கீழே சரியலாம், குளிரில் இன்னும் மோசம். ராஸ்பெர்ரி பை 4 கேட்பதோ ஆடாத 5 வோல்ட், 3 ஆம்பியர் வரை. லைட்டர் சாக்கெட்டில் செருகும் சாதாரண சார்ஜரை நம்பினால், சாவியைத் திருப்பியதும் போர்டு பூட் ஆகத் தொடங்கும், ஸ்டார்ட்டர் சுற்றியதும் அணையும், மறுபடி முதலிலிருந்து பூட் ஆகும். போனுக்குச் சொந்த பேட்டரி இருப்பதால் அதற்கு இந்தக் கூத்து எதுவும் தெரியாது. உள்ளீடு 6 வோல்ட் வரை இறங்கினாலும் 5 வோல்ட்டை விடாமல் கொடுக்கிற கன்வெர்ட்டர் வாங்குங்கள். விலை கொஞ்சம் கூட இருக்கும், கொடுக்கலாம். புதிய ராஸ்பெர்ரி பை 5-க்கு முழு வேகத்தில் 5 ஆம்பியர் தரும் சப்ளை வேண்டும் என்பதால்தான் காரில் நான் 4-ஐ மாற்றவில்லை.

ஏற்றுவதைவிட அணைப்பது சிக்கல். சாவியோடு போகும் மின்சாரத்தில் இணைத்தால், சாவியை எடுத்ததும் பட்டென்று எல்லாம் போய்விடும். அந்த நேரம் மெமரி கார்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால் ஃபைல் சிஸ்டம் கெடும். பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தால் போர்டு அணையவே அணையாது. சும்மா இருக்கும்போதே 3 வாட் எடுக்கிறது என்று வையுங்கள்: 12 வோல்ட்டில் அது கால் ஆம்பியர், ஒரு நாளைக்கு 6 ஆம்பியர் அவர் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு). 45 ஆம்பியர் அவர் பேட்டரியில் நான்கு நாளுக்குள் பாதி காலி. ஊருக்குப் போய்த் திரும்பி வந்தால் கார் ஸ்டார்ட் ஆகாது.

இதற்கு நடுவில் ஒரு பவர் கண்ட்ரோலர் போர்டு வேண்டும். ஸ்டீரியோவுக்குப் பின்னால் வரும் ஐஎஸ்ஓ என்ற பொதுத்தர பிளக்கில் வழக்கமாக மஞ்சள் ஒயர் நிரந்தர மின்சாரம், சிவப்பு சாவியோடு வருவது, கறுப்பு எர்த். கண்ட்ரோலர் சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அது போனதும் கணினிக்கு ஷட்டவுன் சொல்லி, சற்றுப் பொறுத்து, மஞ்சளையும் அடியோடு துண்டித்துவிடும். அந்த அடியோடு என்பது முக்கியம், ஏனென்றால் ஷட்டவுன் ஆன பிறகும் போர்டு கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டுதான் இருக்கும். நிறங்களை மட்டும் நம்பி ஒயரை வெட்டாதீர்கள். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறி வரும் கார்கள் உண்டு, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். இதற்கு மேல் ராஸ்பெர்ரி பையின் செட்டிங்ஸிலேயே ஓவர்லே ஃபைல் சிஸ்டம் என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் சிஸ்டம் மெமரி கார்டில் எதையும் எழுதாது, மாற்றமெல்லாம் ரேமோடு போய்விடும். அதை இயக்கிய பிறகு என் கார்டு ஒருமுறைகூடக் கெடவில்லை.

திரையில் ரெசல்யூஷனைப் பார்ப்பதற்கு முன் வெளிச்சத்தைப் பாருங்கள். வீட்டு மேசைக்குச் செய்த திரைகள் 250, 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) இருக்கும். நண்பகலில் காருக்குள் அது கறுப்புக் கண்ணாடிதான். 800-க்கு மேல் இருந்தால் நிம்மதி. போலராய்டு கூலிங் கிளாஸ் போடுகிறவர்கள் வாங்கும் முன் அதைப் போட்டுக்கொண்டே திரையைப் பாருங்கள், சில திரைகள் அதில் இருண்டுவிடும். இரவில் இதே வெளிச்சம் கண்ணைக் குத்தும். ஹெட்லைட் போட்டால் 12 வோல்ட் வரும் ஒயர் ஒன்று ஸ்டீரியோ பிளக்கில் இருக்கும். அதை ஆப்டோகப்ளர் (மின்சாரத்தைப் பிரித்து, சிக்னலை மட்டும் ஒளியால் கடத்தும் சில்லு) வழியாக போர்டின் ஜிபிஐஓ பின்னுக்கு, அதாவது வெளி சிக்னலை வாங்கும் பின்னுக்கு, கொடுத்து, லைட் போட்டதும் திரை தானாக மங்கும்படி செய்தேன். நேராகக் கொடுத்துவிடாதீர்கள், அந்தப் பின் தாங்குவது 3.3 வோல்ட். மொத்த அமைப்பிலும் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

சத்தத்தில் வரும் பெரிய தொல்லை, ஆக்ஸ் கேபிள் வழியாக இன்ஜின் பாடுவது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கீச்சுக்குரல் ஏறும், விட்டால் இறங்கும். கணினிக்கு ஒரு இடத்திலும் ஸ்டீரியோவுக்கு வேறு இடத்திலும் எர்த் எடுத்தால் இது வரும். இரண்டுக்கும் ஒரே இடத்தில் எர்த் கொடுத்ததில் பெரும்பகுதி போய்விட்டது. மீதியை, ஆக்ஸ் கேபிளின் நடுவில் மாட்டி எர்த் இணைப்பைப் பிரிக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் பார்த்துக்கொண்டது, மலிவானவை பேஸைக் கொஞ்சம் தின்னும்.

ஜிபிஎஸ் ரிசீவரை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம். வானம் தெரிய வேண்டும். உலோகப் பூச்சு உள்ள முன்கண்ணாடி சிக்னலை அடைத்துவிடும். நீண்ட நேரம் நிறுத்திய கார் என்றால், செயற்கைக்கோள்கள் தங்கள் பாதை விவரத்தை அனுப்பி முடிக்கவே அரை நிமிடம் ஆகும். போன் அதை நெட்வொர்க்கிலிருந்து வாங்கிக்கொள்வதால் முந்திக்கொள்கிறது. ராஸ்பெர்ரி பை 4-ல் கடிகாரச் சில்லு இல்லை. இணையமும் இல்லாதபோது நேரத்தையும் ஜிபிஎஸ்ஸிடம்தான் வாங்க வேண்டும், இல்லையென்றால் நள்ளிரவில் பகல் நிற வரைபடம் காட்டும். வரைபடத்துக்கு, பலர் சேர்ந்து உருவாக்கும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவோடு நாவிட் என்ற வழிகாட்டி மென்பொருள். நெட் இல்லாமல் வேலை செய்யும். முகவரி தேடுவது மட்டும் ரோதனை.

ரிவர்ஸ் கேமராவைக் கணினி வழியாகக் கொண்டுவராதீர்கள். பூட் ஆகி முடிப்பதற்குள் நீங்கள் பின்னால் எடுத்து முடித்திருப்பீர்கள். கேமராவைத் தனி உள்ளீடாக ஏற்று, ரிவர்ஸ் கியர் ஒயரைப் பார்த்துத் தானே மாறிக்கொள்ளும் திரை வாங்குங்கள். காரின் சோதனை சாக்கெட்டில் செருகி இன்ஜின் விவரங்களைப் படிக்கும் ஓபிடி புளூடூத் அடாப்டரும் மாட்டினேன். இன்ஜின் சூட்டைப் பார்ப்பது முதலில் வேடிக்கையாக இருந்தது, அப்புறம் பார்க்கவே இல்லை.

இப்போது தினசரி வழி பார்ப்பதெல்லாம் போனில்தான். போக்குவரத்து நெரிசலை நேரலையில் சொல்வதில் என் அமைப்பு அதோடு போட்டி போட முடியாது. போனின் வரைபடத்தையும் பாட்டையும் கார் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோவை ராஸ்பெர்ரி பையில் கொண்டுவரும் கிராங்க்ஷாஃப்ட் போன்ற திறமூல முயற்சிகள் உண்டு. ஓடுகிறது, ஆனால் போன் அப்டேட் ஆனதும் எப்போது முரண்டு பிடிக்கும் என்று தெரியாது. பாட்டும் வரைபடமும் மட்டும் வேண்டும், ஒயர் வேலையில் ஆர்வம் இல்லை என்பவர்கள் ஆண்ட்ராய்டு ஆட்டோ, அதே வேலையை ஐபோனுக்குச் செய்யும் கார்பிளே இரண்டும் உள்ள டபுள் டின் ஹெட் யூனிட்டை, அதாவது திரையோடு வரும் இரட்டை உயர ஸ்டீரியோவை, வாங்கி மாட்டிவிடலாம். மேலே சொன்ன மின்சாரத் தலைவலி அத்தனையையும் அதைச் செய்தவர்களே தீர்த்து வைத்திருப்பார்கள்.

என் பெட்டியை நான் கழற்றாததற்குக் காரணம் அந்த எஸ்எஸ்டியில் இருக்கும் பாட்டுகளும், சிக்னல் கிடைக்காத மலைப்பாதைகளும். அப்படி ஒரு பயணம் வரும்போது வரைபடத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஓவர்லேயை நிறுத்தி, ரீபூட் செய்து, வரைபடத்தை ஏற்றி, மறுபடி ஓவர்லேயை இயக்கி, இன்னொரு ரீபூட்.