நாப் கையோடு வந்துவிட்டது: பழைய ரேடியோக்களுக்காக மூன்று வருடம் ஓட்டிய 3டி பிரிண்டர்

"வால்வு ரேடியோ பாகங்கள் செய்ய 3டி பிரிண்டர் வாங்கலாமா?" என்று நண்பர் கேட்டார். வால்வு ரேடியோ என்றால் கண்ணாடிக் குழல்கள் வைத்த அந்தக் காலத்து ரேடியோ. கேட்ட நேரம்தான் சரியில்லை. அன்று காலையில் நானே பிரிண்டரில் அச்சடித்த வால்யூம் நாபை, அதாவது திருகும் குமிழை, கழற்ற இழுத்தேன். முகப்பு மட்டும் கையோடு வந்தது, கழுத்து அது மாட்டியிருந்த ஷாப்டிலேயே (தண்டிலேயே) உட்கார்ந்திருந்தது. இது நான்காவது முறை.

பிரிண்டரை மட்டும் திட்டுவது நியாயமில்லை. 0.2 மில்லிமீட்டர் அடுக்குகளாக ஏற்றிய பொருள், இழுத்தால் அடுக்கோடு பிரியத்தான் செய்யும். படுக்கவைத்து அச்சடித்தால் அப்படிப் பிரியாது, ஆனால் வட்டம் படிக்கட்டாகிவிடும். சரி, அதையாவது உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம். ஷாப்ட் நுழையும் அந்த 'டி' வடிவத் துளையை என்ன செய்வது? அளவுக் கருவியான காலிப்பரில் ஷாப்ட் 6.35 மில்லிமீட்டர் காட்டும். அப்படியே வரைந்தால் நுழையாது, துளை எப்போதும் கொஞ்சம் குறுகித்தான் வரும். 6.5 வைத்தால் நுழையும். அப்புறம் பிரிண்டருக்கு ஊட்டும் பிளாஸ்டிக் இழைச் சுருளை மாற்றினால் அதே 6.5 லொடலொட என்று ஆடும். தோற்றுப்போன நாப்கள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. எறியவும் மனசு வரவில்லை.

டயல் விளக்கைத் தாங்கும் கொக்கி தொங்கிப்போனது என் முட்டாள்தனம். 60 டிகிரியிலேயே இளகும் பிஎல்ஏ பிளாஸ்டிக்கை, சூடேறும் அவுட்புட் வால்வுக்குப் பக்கத்தில் யாராவது வைப்பார்களா?

ஆனால் டயல் முள்ளை நகர்த்தும் கயிறு ஓடும் சின்னக் கப்பி இருக்கிறதே! உடைந்ததை அளந்து, வரைந்து, அடித்து மாட்ட ஒரு மாலைதான் ஆனது. இரண்டு வருடமாக முள் வழுக்கவே இல்லை. ஒவ்வொரு முறை ஸ்டேஷன் மாற்றும்போதும் எனக்குள் ஒரு திமிர் எட்டிப் பார்க்கும்.

நாபுக்கு இப்போது வேறு வழி பிடித்துவிட்டேன். நல்ல நாப் ஒன்றைச் சிலிக்கோனில் அச்செடுத்து இறுகிக் கெட்டியாகும் ரெசின் திரவத்தை ஊற்றுகிறேன். உடைந்த பழைய நாபிலிருந்து எடுத்த ஸ்பிரிங் தகட்டைத் துளைக்குள் செருகினால் ஷாப்டைக் கெட்டியாகப் பிடிக்கிறது. மூலத்தில் இருந்த நகக்கீறல்கூட நகலில் வந்திருந்தது.

அதனால் நண்பரிடம் "வாங்காதீர்கள்" என்றேன். "அப்படியானால் உங்களுடையதைக் கொடுத்துவிடுங்களேன்" என்றார்.

கொடுப்பதாக இல்லை. இன்று ராத்திரி 6.45 வைத்து ஒன்று அடித்துப் பார்க்கவேண்டும்.