ஆய்விதழுக்கு யார் பணம் கட்டுவது: மூன்று வழிகள்

வரலாறு, மொழியியல், சமூகவியல் ஆய்விதழ்களை இணையத்தில் யாரும் காசில்லாமல் படிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பாய்வை ஒருங்கிணைக்க, மெய்ப்புப் பார்க்க, சர்வரை நடத்த ஆகும் செலவை வேறு யாராவது ஏற்றாக வேண்டும்.

எழுதியவரே கட்டுவது முதல் வழி. பெரிய வணிகப் பதிப்பகங்களில் ஒரு கட்டுரைக்கே ஆயிரக்கணக்கான டாலர் கேட்பார்கள். மருத்துவத்தில் ஆய்வு நிதியிலேயே இதற்கு ஒரு தொகை ஒதுக்கிவிட முடியும். கல்வெட்டு படிப்பவருக்கும் நாட்டார் கதை சேகரிப்பவருக்கும் அந்த நிதி எங்கே இருக்கிறது? முழுக் கட்டண விலக்கு பெரும்பாலும் ஏழை நாடுகளுக்குத்தான். அந்தப் பட்டியலில் இந்தியா வருவதில்லை. நம் துறைகளுக்கு இந்த வழி சரிப்படாது.

இரண்டாவது, பிரான்ஸின் ஓப்பன்எடிஷன் என்ற இணையப் பதிப்புத் தளத்தின் வழி. 1999இல் தொடங்கி, சிஎன்ஆர்எஸ் என்ற அரசு ஆய்வு நிறுவனமும் பல்கலைக்கழகங்களும் தாங்க, மார்செய் நகரிலிருந்து நடக்கிறது. கட்டுரையை இணையப் பக்கமாக யாரும் படிக்கலாம். ஆனால் பல இதழ்களில் இறக்கிக்கொள்ளும் பிடிஎஃப், இபப் (மின்னூல்) கோப்புகள் சந்தா கட்டும் நூலகங்களுக்கு மட்டுமே. அந்த வருமானத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பதிப்பாளர்களுக்குப் போகிறது. பக்க ஓரத்தில் ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டிருப்பார்கள்; பிடிஎஃப் இல்லாதவரும் ‘பத்தி 14’ என்று துல்லியமாக மேற்கோள் காட்டலாம். படிப்பவரை மனதில் வைத்துச் செய்த வேலை இது. பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் நூல்கள் பலவும் இங்கே இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், இணையம் சரியாக எட்டாத ஊரில் இருப்பவருக்குத்தான் இறக்கிவைத்துக்கொள்ளும் கோப்பு அதிகம் தேவை. அவருக்குத்தான் அது கிடைப்பதில்லை.

மூன்றாவது, ஓப்பன் லைப்ரரி ஆஃப் ஹியூமானிட்டீஸ் என்ற இதழ்ப் பதிப்பு அமைப்பின் வழி. மார்ட்டின் பால் ஈவ், கரோலைன் எட்வர்ட்ஸ் என்ற இரு கல்வியாளர்கள் 2013இல் தொடங்கினார்கள்; லண்டனின் பர்க்பெக் பல்கலைக்கழகத்திலிருந்து நடக்கிறது. நூலகங்கள் தங்கள் அளவுக்கேற்ப ஆண்டுதோறும் ஒரு தொகை தருகின்றன. எழுதுபவரும் கட்ட வேண்டாம், படிப்பவரும் கட்ட வேண்டாம், கோப்பும் முழுதாகக் கிடைக்கும். 2015இல் எல்செவியர் என்ற பெரிய வணிகப் பதிப்பகத்தின் ‘லிங்குவா’ மொழியியல் இதழின் ஆசிரியர் குழு ஒட்டுமொத்தமாகப் பதவி விலகி ‘குளோசா’ என்ற புதிய இதழைத் தொடங்கியபோது கைகொடுத்ததில் இந்த அமைப்புக்கும் பங்கு உண்டு. பழைய பெயர் பதிப்பகத்திடமே தங்கிவிட்டது. ஆனால் ஓர் இதழை இதழாக்கும் ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். பணம் தராத நூலகமும் எல்லாவற்றையும் படிக்கலாம் என்பது இந்த ஏற்பாட்டின் பலவீனம். பட்ஜெட் இறுகினால் முதலில் வெட்டுப்படுவது இப்படிப்பட்ட செலவுதான்.

அப்படியும் நான் மூன்றாவதன் பக்கம்தான். அடுத்த இடம் இரண்டாவதற்கு. லத்தீன் அமெரிக்காவில் சியெலோ என்ற இலவச இதழ்த் தளம் பெரும்பாலும் பொதுப்பணத்திலேயே வெகுகாலமாக நடப்பதால், இதெல்லாம் பணக்கார நாடுகளுக்குத்தான் என்றும் சொல்ல முடியாது.

இந்திய அரசு ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. முப்பது பதிப்பகங்களின் இதழ்களை அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களில் இருப்பவர்கள் படிக்கலாம். நல்லதுதான். ஆனால் தமிழாய்வில் நிறைய வேலை செய்யும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் தனி ஆய்வாளர்களும் அந்த வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். அந்தத் தொகையில் ஒரு சிறு பங்கை எடுத்து, பல்கலைக்கழக இதழ்கள் சிலவற்றை மூன்றாவது வழியில் நடத்திப் பார்த்தால் அவர்களுக்கும் கதவு திறக்கும்.