சிங்கப்பூருக்கு எது கிட்டே: சென்னையா, திருச்சியா, மதுரையா?

ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, சிங்கப்பூர் டிக்கெட் போட உட்கார்ந்தோம். கிளம்புவது காரைக்குடியிலிருந்து. மாமா ஒரே பிடியாகச் சென்னைதான் என்றார். வரைபடத்தில் அதுதான் கிட்டே இருக்கிறதாம். அவர் சொன்னது தப்பில்லை. நேர்க்கோட்டில் அளந்தால் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்குச் சென்னையிலிருந்து சுமார் 2,930 கி.மீ., திருச்சியிலிருந்து 2,980, மதுரையிலிருந்து 3,020. ஆனால் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்கிற விமானத்துக்கு இந்த வித்தியாசம் அதிகபட்சம் ஆறேழு நிமிடம். எங்கே ஏறினாலும் நாலு மணி, நாலேகால் மணி நேரம்தான்.

இடிப்பது தரைவழியில். விடியற்காலையில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறினால் சென்னை போய்ச் சேர மதியம் ஆகிவிடும். தாம்பரத்திலேயே இறங்கி மின்சார ரயில் மாறித் திரிசூலம் போனால் எதிரே விமான நிலையம். எழும்பூர் வரை போய்த் திரும்ப வேண்டாம். அப்படியும் ரயிலில் ஆறு மணி நேரத்துக்கு மேல். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பல்லவனே திருச்சி வழியாகத்தான் போகிறது!

திருச்சிக்குக் காரில் 85 கி.மீ. சொச்சம். திருமயம் கோட்டையைத் தாண்டி, புதுக்கோட்டையைக் கடந்தால், ஊருக்குள் நுழையும் முன்பே விமான நிலையம் வந்துவிடும். டவுன் நெரிசலில் மாட்ட வேண்டியதில்லை. இது சின்ன விஷயமாகத் தெரியும். எண்பது வயது ஆயாவைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு போனால் தெரியும். 2024இல் திறந்த புது முனையத்தில் உட்காரவும் தாராளமாக இடம் இருக்கிறது.

மதுரையும் தூரத்தில் பெரிதாக மோசமில்லை. ஆனால் மேலூர் தாண்டி ஊரைச் சுற்றிக்கொண்டு தெற்கே அவனியாபுரம் பக்கம் போக வேண்டும். சிங்கப்பூர் விமானங்களும் குறைவு. மதுரையில் சொந்தவீடு இருப்பவர்களுக்குச் சரி.

வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால், மூன்று மணி நேரம் முன்னதாகப் போவதையும் சேர்த்து, திருச்சி வழி ஒன்பது மணி நேரம். சென்னை வழி பதினாலைத் தொடும். சென்னைக்கு ஒரே பலம், சாப்பாடு, பெட்டி எல்லாம் டிக்கெட்டிலேயே அடங்கிய பெரிய நிறுவனங்கள் அங்கே உண்டு. திருச்சியில் பெரும்பாலும் சிக்கன விமானங்கள், சிலவற்றில் பெட்டிக்குத் தனிக்காசு.

டிக்கெட்டைப் பார்த்து மிரள வேண்டாம். இரவு ஒரு மணிக்குப் புறப்பாடு, காலை ஏழே முக்காலுக்கு வருகை என்று இருக்கும். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது, அவ்வளவுதான்.

கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் பண்ண, போன ஆயாவின் ஐயா, நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி நாள்கணக்கில் கடலில் கிடந்தவர். அதைக் கேட்டு வளர்ந்த ஆயாவுக்கு நாலு மணி நேரம் என்றதும் நம்பிக்கை வரவில்லை. கடைசியில் திருச்சிக்கே போட்டோம். இப்போது சண்டை பெட்டி எடையில்: 20 கிலோதான் அனுமதி, சீப்புச் சீடை டின்னே நாலு கிலோ.